‘மேல வந்துட்டிருந்தேன்’

சென்ற வாரம் பரீட்சைத் தாள் திருத்துகிற கூத்துகளை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பழைய மாணவிகள் சிலர் போன் செய்தார்கள். அதில் ஒருத்தி, "ஏனுங் மிஸ், பிரேக் கணக்கப் பத்தி ஒரு வரி கூட எழுதலீங்களே, அதுக்குத்தானே எங்கள அந்த விரட்டு விரட்டுவீங்க?" என்று கேட்டாள்.

எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன். சிரிப்பதற்கு இதில் அதிகம் இருக்காது.

பஸ் உருண்டது

எங்கள் ஏற்காட்டுப் பள்ளி அட்டெண்டர், மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். "மிஸ் வராம ஊட்டுல பால் பொங்காதுங்க" என்று மூன்று தரம் வந்து அழைத்துவிட்டார். அந்த ரோட்டில் நான் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. போகாததற்குக் காரணம் இருந்தது. இருந்தாலும் போனேன். போகும்போது குறிப்பிட்ட ஒரு இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

திரும்பும்போது மத்தியானம் மூன்றரை இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டது. பஸ் இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். எந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்று காலையில் கண்ணை மூடினேனோ அதே இடம். இடது பக்கம் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அதை ஒட்டி வெள்ளை வளையம் அடித்த சில்வர் ஓக் மரம்.

"பேட்டரி உக்காந்துருச்சு. உருட்டித்தான் எடுக்கோணும்" என்றார் டிரைவர்.

ஏற்காட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிற பஸ், பிரேக்கை எடுத்தால் பின்னால்தானே போகும்? பின்னால் வளைவு, அதற்கப்புறம் காபித் தோட்டத்துப் பள்ளம். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சக்கரத்துக்குக் கல்லு வைங்க, பின்னால போயிரும்!" என்று கத்தினேன்.

பஸ்ஸே சிரித்தது. மிளகு மூட்டையோடு பக்கத்தில் இருந்த அம்மா என் கையைத் தட்டி, "பின்னால எப்புடீங்க போவும்? முன்னாலதானுங்க இறக்கம்" என்றார்.

டிரைவர் பிரேக்கை விட்டார். பஸ் முன்னால் உருண்டது. என்ஜின் சத்தம் இல்லாமல், ரோட்டில் கிடந்த சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்க, ஏற்காட்டை நோக்கித் தானாகவே போயிற்று. பாலத்துச் சுவர் மெதுவாக என்னைத் தாண்டிப் பின்னால் போனது. ஒரு குலுக்கலோடு என்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கம்பியை விடவில்லை. பஸ் உருண்ட அந்தப் பத்திருபது அடிக்குள், என் தம்பியின் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மைனஸ் மிஸ்

எப்படிக் கெடுத்தேன் என்று சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட வாத்தியார் என்று சொல்ல வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் பௌதிகம் தொடங்கியதும் வருவது இயக்கச் சமன்பாடுகள். வி ஸ்கொயர் ஈக்வல் டு யு ஸ்கொயர் பிளஸ் டூ ஏ எஸ். இதை வைத்துக் கேட்கிற முதல் கணக்கே பிரேக் கணக்குதான். கார் ஒன்று மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நேரான, சமமான சாலையில் செல்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

"ஏனுங் மிஸ், இந்த ரோடு எங்கீங்க இருக்குது?" என்று வருஷத்துக்கு ஒருத்தியாவது கேட்டுவிடுவாள். நியாயமான கேள்விதான். எங்கள் மலையில் நேராகவும் சமமாகவும் இருப்பது ஏரித் தண்ணீர் ஒன்றுதான். அப்பா டிரைவராக இருக்கிற பிள்ளைகள் இன்னும் மோசம். "எந்த கியருங்க மிஸ்?" என்பார்கள். ஒருத்தி விடைத்தாளில், ‘டிரைவர் முதலில் ஹாரன் அடிப்பார், பிறகு செகண்டுக்கு மாற்றுவார், பிரேக்கை மிதிக்க மாட்டார், மிதித்தால் சூடாகிவிடும்’ என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தாள். அவளுக்கு முட்டை போட்டேன். மலையில் பஸ் ஓட்டுகிற யாரைக் கேட்டிருந்தாலும் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார்.

நான் கறாராக இருந்தது இரண்டு விஷயத்தில். ஒன்று, படம் போடாமல் கணக்கைத் தொடக் கூடாது. வண்டி எந்தப் பக்கம் போகிறது, ரோடு எந்தப் பக்கம் சாய்கிறது, அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் சமன்பாடு. இரண்டாவது, குறி. வேகம் குறைகிறது என்றால் முடுக்கத்துக்கு மைனஸ் போட வேண்டும். பிளஸ் போட்டால் பிரேக் மிதிக்க மிதிக்க வண்டி வேகமாகப் போகும். அந்த ஒரு குறிக்கு நான் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘நீ இப்போது சுவரில் மோதிவிட்டாய்’ என்று எழுதிக் கொடுப்பேன்.

இதனால் எனக்கு மைனஸ் மிஸ் என்று பெயர். பஜாரில் காய்கறி வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

ஓடாத முள்

என் தம்பி சவரிமுத்து. எனக்கு எட்டு வயது இளையவன். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். எனக்குப் படிப்பு வந்தது, அவனுக்கு வண்டி வந்தது. எட்டாவது படிக்கும்போதே சத்தத்தை வைத்து எந்த எஸ்டேட் ஜீப் வருகிறது என்று சொல்லுவான்.

பிற்பாடு சொந்தமாகப் பழைய ஜீப் ஒன்று வாங்கினான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் தோட்ட ஆட்கள், சீசனில் காபி மூட்டை. அந்த ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே கிடக்கும். "மாத்தேன்டா" என்றால், "எதுக்குக்கா? பாதத்துக்குத் தெரியுது, முள்ளுக்கு எதுக்குத் தெரியோணும்?" என்பான். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கே காதைத் திருகிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தால் இந்த அத்தியாயம் இல்லை.

அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான். அதற்காகக் கேலிகூடச் செய்வார்கள். ‘சவரி வண்டியில ஏறுனா ஊட்டுல சொல்லிட்டு வா, நாளைக்குத்தான் போய்ச் சேருவே’ என்று சொல்லுவார்கள்.

பன்னிரண்டு மீட்டர்

காபிப் பழம் பறிக்கிற சீசன். மூடுபனி. கொட்டச்சேட்டிலிருந்து காலி வண்டியை ஓட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்துகொண்டிருந்தான் சவரி. பாலத்தைத் தாண்டியதும் தோட்டத்து வேலி இடைவெளியிலிருந்து ஒரு பெண் ரோட்டுக்கு ஏறினாள். பாப்பாத்தி என்று பேர், அந்த எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தவள். தலையில் விறகுக்கட்டு இருந்ததால் பக்கவாட்டில் பார்க்க முடியவில்லை. இவன் பிரேக்கை மிதித்தான். சேலத்துக்குக் கொண்டு போகும் வழியில் இறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை என் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தான். போட்டுக் கொடுத்த காபி ஆடை கட்டியது, தொடவில்லை.

"கேஸ்ல ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’னு எழுதியிருக்காங்கக்கா" என்றான்.

"அது எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. நீ எவ்வளவுல வந்தே?"

"அங்க முப்பதுன்னு போர்டு இருக்குது. முப்பதுக்கு மேல போவுலைன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா முள்ளு இல்லையே. நானாச் சொல்லிக்கிறனோ என்னமோ." கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ கணக்குப் போட்டுச் சொல்லுக்கா. கேசுக்காக இல்ல. நான் வேகமாப் போனனா இல்லையான்னு எனக்குத் தெரியோணும்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், இது வகுப்பறைக் கணக்கு இல்லை சாமி, எனக்குத் தெரியாது என்று. சொல்லவில்லை. எழுந்துபோய் நோட்டும் பேனாவும் எடுத்துவந்தேன். தம்பி பதறிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அவன் நிரபராதி என்று கணக்கு சொல்லும் என்றுதான் நானும் நம்பினேன்.

"டயர் தேய்ச்ச தடம் எவ்வளவு நீளம்?"

"டேப்பு வெச்சு அளந்தாங்க. பன்னெண்டு மீட்டரு."

"எங்க அடிபட்டுச்சு?"

"தடம் ஆரம்பிச்ச எடத்துலருந்து ஒம்பதாவது மீட்டர்ல."

"எந்தப் பக்கம் போயிட்டிருந்தே?"

"மேல வந்துட்டிருந்தேங்க்கா."

"சரிவு எவ்வளவு இருக்கும்?"

"நொம்ப இல்ல. பத்தடிக்கு ஒரு அடி இருக்கும்."

படம் போட்டேன். சாய்ந்த கோடு, அதன்மேல் ஏறுகிற ஒரு பெட்டி, அம்புக்குறி. ஈரமான ரோட்டில் ரப்பருக்கு எவ்வளவு உராய்வு என்று புத்தகத்து அட்டவணையைப் பார்த்து எழுதினேன். ஏற்றத்தில் போகிற வண்டியை பிரேக்கோடு சேர்ந்து ரோடும் பிடித்து இழுக்கும். அப்படி இரண்டும் சேர்ந்து இழுத்தும் பன்னிரண்டு மீட்டர் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது என்றால் வண்டி வேகமாகத்தான் வந்திருக்க வேண்டும். வர்க்கமூலம் நூற்றிருபது. மணிக்கு முப்பத்தொன்பது கிலோமீட்டரும் கொஞ்சமும்.

மறுபடி போட்டேன். அதே விடை.

சவரி நோட்டைப் பார்க்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான்.

"நாப்பது" என்றேன்.

"முப்பதுல வந்திருந்தா?"

அதையும் போட்டேன். அதுதான் பாவத்திலெல்லாம் பெரிய பாவம். "ஏழு மீட்டர்ல நின்னிருக்கும்."

ஏழு, ஒன்பது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டு மீட்டருக்கு முன்னாலேயே வண்டி நின்றிருக்கும், பாப்பாத்தி விறகுக்கட்டோடு ரோட்டைத் தாண்டிப் போயிருப்பாள். அவனுக்கு அது விளங்கிய நிமிஷத்தை நான் நேருக்கு நேர் பார்த்தேன்.

பொய் சொல்லியிருக்கலாம். பெற்ற தாயாக இருந்தால் சொல்லியிருப்பாள். நான் மைனஸ் மிஸ். எனக்கு விடை சரியாக இருக்க வேண்டும்.

"ஆமாங்க"

வக்கீல் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "குற்றத்தை ஒத்துக்கறீங்களான்னு கேட்பாங்க, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று கோர்ட் வராந்தாவில் நான்கு தரம் சொல்லிக் கொடுத்தார். பனியில் திடீரென்று குறுக்கே வந்தாள் என்பதற்குச் சாட்சி இருந்தது. கேஸ் நிற்காது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

சவரி கூண்டில் ஏறி, கேட்டதும், "ஆமாங்க. வேகமாத்தானுங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டான்.

வக்கீல் வெளியே வந்து என்னிடம் கத்தினார். "யாருங்க இவரு மண்டையில இதை ஏத்துனது?"

சவரி எனக்கு முன்னால் பதில் சொன்னான். "யாரும் ஏத்துலீங்க. எங்கக்கா கணக்குப் போட்டுப் பாத்துச்சு. அக்கா கணக்கு தப்பாதுங்க."

சில மாதம் உள்ளே இருந்தான். லைசென்ஸ் போயிற்று. ஜீப்பை விற்றார்கள். அவன் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சேலத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. வெளியே வந்தவன் ஊருக்குள் தங்கவில்லை. தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபி காயவைக்கிற களத்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் அவன் தொடவில்லை. பஸ்ஸில் வந்தாலும் முன்னால் உட்கார மாட்டான், கடைசி சீட்டுக்குப் போய்விடுவான்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நேரான, சமமான சாலையில் கார் ஒன்று என்று கரும்பலகையில் எழுதினேன். புத்தகத்தில் கார் எப்போதும் நின்றுவிடும். எதிரே யாரும் வர மாட்டார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘மேல.’

எங்கள் மலையில் ஏற்காட்டுக்கு வருவதென்றால் மேலே வருவதுதான். எந்தக் கிராமத்திலிருந்து வந்தாலும், எந்த ரோட்டில் வந்தாலும், பஜாருக்கு மேலே வருகிறோம். பஜாரிலிருந்து அவரவர் கிராமத்துக்குப் போனால் கீழே போகிறோம். ரோடு நடுவில் எத்தனை தரம் இறங்கினாலும் ஏறினாலும் சொல் மாறாது. "மேல வந்துட்டிருந்தேன்" என்று சவரி சொன்னபோது ஏற்காட்டை நோக்கி வந்துகொண்டிருந்தேன் என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, நானும் ஆயிரம் தரம் அப்படிச் சொன்னவள், நோட்டும் பேனாவும் கையில் எடுத்த அன்றைக்கு மட்டும் அதை வேற்றூர்க்காரி மாதிரி கேட்டுக்கொண்டேன். அவன் திசை சொன்னான். நான் அம்புக்குறி போட்டேன்.

இடத்தைப் போய்ப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டு கண்ணும் இருந்தன, காலும் இருந்தன. ஒருத்தி அடிபட்ட இடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பெயர் கோழைத்தனம், வேறு பெயர் வேண்டாம்.

பஸ் உருண்டதற்கு மறுநாள் போனேன். நடந்துதான் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் நின்று, பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை ரோட்டில் ஊற்றினேன். கண்ணை நம்பாதே, சோதனை செய்து பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அல்லவா. தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஏற்காட்டுப் பக்கமே ஓடியது. ரோட்டோரத்தில் போன ஒருவர், "ஏனுங்க, ஏதாச்சும் சாமிக் காரியமுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அங்கேயே சுவரில் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். இறக்கத்தில் ரோடு பிரேக்குக்கு எதிராக வண்டியைத் தள்ளும். ஒரே ஒரு குறி மாறுகிறது. பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ். வர்க்கமூலம் எழுபத்திரண்டு. மணிக்கு முப்பதரை கிலோமீட்டர்.

அவன் பாதம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

முப்பதில் வந்தால் அந்த இறக்கத்தில் நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்றும் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட பன்னிரண்டு. ஒன்பதாவது மீட்டரில் இருந்தவளை எந்த டிரைவரும் காப்பாற்றியிருக்க முடியாது. நான் அவனுக்குக் கொடுத்த ஏழு மீட்டர் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

சுவரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எத்தனை பிள்ளைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருப்பேன்.

களம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தலைச்சோலைக்குப் போனேன். சவரி களத்தில் காபிக் கொட்டையைப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தான். தலைமுடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை உதறிப் படிக்கட்டில் விரித்து, "உக்காருக்கா" என்றான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். நோட்டுத் தாளைக் கொடுத்தேன். இந்த முறை படத்தைக் கையால் தொட்டுக் காட்டினேன். "இது இறக்கம் சாமி. நான் ஏத்தம்னு போட்டுட்டேன். நீ மேலன்னு சொன்னதை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீ முப்பதுலதான் வந்திருக்கே."

வெகுநேரம் படத்தைப் பார்த்தான். "ஆமா, இறக்கந்தான்" என்றான். "கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

"கேக்கல."

எழுந்து போய் இரண்டு வரிசை காபியைக் கிளறிவிட்டு வந்தான். காய்ந்த பழத்தோலின் புளித்த வாடை அடித்தது.

"நீ நாப்பதுன்னு சொன்னப்புறம் எனக்கு அது நாப்பதாவே ஞாபகம் வந்துருச்சுக்கா" என்றான். "மொதல்ல அப்புடி இல்ல. அப்புறம் உள்ள இருக்கறப்ப தெனமும் யோசிச்சு யோசிச்சு, ஜன்னல் வழியா மரம் ஓடறது, காத்து மூஞ்சில அடிக்கறது, எல்லாம் நாப்பதுல போற மாதிரியே தெரிஞ்சுது. இப்பவும் கண்ண மூடுனா அப்புடித்தான் தெரியுது. இப்ப நீ வந்து முப்பதுங்கறே. அத நான் எங்க போயித் தேடறது?"

தாளை மறுபடி பார்த்தான்.

"அப்ப முப்பதுல வந்தாலும் நின்னிருக்காதா?"

"நின்னிருக்காது."

"அந்தம்மா எப்புடியும் போயிருக்குமா?"

"ஆமா சாமி."

தலையை ஆட்டினான். "நாப்பதுன்னு இருந்தப்ப ஒரு காரணம் இருந்துச்சு. நான் வேகமா வந்தேன், அது செத்துச்சு, நான் உள்ள போனேன். என்னையவே திட்டிக்கிட்டாச்சும் கண்ண மூடுவேன். இப்ப யாரத் திட்டறது?"

"என்னைத் திட்டு" என்றேன். நிஜமாகவே அதற்குத்தான் போயிருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன்.

அவன் திட்டவில்லை. தாளை நான்காக மடித்தான். கொடுக்கப் போனவன் நிறுத்தி, "இது செரிதானே? மறுக்கா வந்து மாத்த மாட்டியே?" என்று கேட்டான்.

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். சரிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த உராய்வு எண் ஞாபகம் வந்தது. அது புத்தகத்து அட்டவணையில் இருந்த எண். சருகும் பனி ஈரமும் கலந்து கிடந்த அந்த ரோட்டை அன்றைக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை. பத்தடிக்கு ஒரு அடி என்பதும் அவன் கண்ணளவுதான். அவற்றில் ஒன்று கொஞ்சம் மாறினாலும் முப்பது, முப்பத்தைந்தும் ஆகலாம், இருபத்தைந்தும் ஆகலாம். நாற்பதும் எனக்குத் தெரிந்ததில்லை, முப்பதும் எனக்குத் தெரிந்ததில்லை. அன்றைக்கு அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் எந்த நாளும் விடை இருந்ததே இல்லை. இரண்டு தரமும் விடை சொல்லியிருக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டதை அவன் கவனித்தான். சின்ன வயதிலிருந்தே என் முகத்தைத்தான் அவன் படிப்பான்.

"செரி விடுக்கா" என்று தாளை என் கையில் வைத்தான். "பனி எறங்குது, பஸ் போயிரும்."

ரோட்டு முனை வரைக்கும் கூட வந்தான். பஸ் வந்ததும் கை காட்டி நிறுத்தினான். நான் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் களத்துக்கு நடந்தான். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்தார். "எங்கீங்கம்மா, மேலதானுங்களே?"

"தெரியலீங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏற்காட்டுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.